உப்பு இறங்கிய தண்டுகள்

ஸ்டிக் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கைப்பிடி ரப்பர் மாற்றுவது எப்படி, பசை எவ்வளவு நேரம் காய வேண்டும், எந்த பிரஷ்ஷால் எதைத் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் சில வாரத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை. சொல்லும் தெம்பும் இல்லை. வருஷக்கணக்காக சிமென்ட் தரையில் நின்று வேலை செய்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டது. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றால் களைப்பு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

கோல்ஃப் ஆடும் மட்டைக்கு சரியான பெயர் கிளப். ஆனால் எங்கள் கட்டடத்துக்கும் கிளப் என்றே பெயர் என்பதால், எங்கள் அறையில் அது எப்போதும் ஸ்டிக்தான். தலை, கழுத்து, தண்டு, கைப்பிடி. மனுஷனுக்கு இருப்பது போலத்தான் அதற்கும். உடைவது பெரும்பாலும் கழுத்தில்.

நான் முதலில் வேலை பார்த்தது மறைமலைநகரில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில். தொண்ணூறுகளின் ஆரம்பம். காலையில் கம்பெனி பஸ் செங்கல்பட்டில் எங்களை ஏற்றிக்கொள்ளும். நாள் முழுக்க சோதனை மேஜையில் உட்கார்ந்து சின்னச் சின்ன வால்வுகளைப் பார்க்க வேண்டும். கையில் கேஜ் என்று ஒரு அளவு இரும்பு இருக்கும். அதற்குள் நுழைந்தால் பாகம் நல்லது, நுழையாவிட்டால் கழிவு. எங்கள் லைன் சூப்பர்வைசர் அம்மா ஒருவர் இருந்தார். உற்பத்திப் பக்கத்திலிருந்து யாராவது வந்து ஏன் இவ்வளவு கழித்தீர்கள் என்று கத்தினால், "கேஜ் சொல்லுது, நான் சொல்லல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ரொம்ப நிம்மதியான வேலை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த லைனை மூடி எங்களை அனுப்பிய பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டோடு சேர்ந்த கோல்ஃப் மைதானத்தில் ஸ்டிக் அறைக்குச் சேர்ந்தேன். சோதனை மேஜையில் இருந்தவள் என்பதால்தான் எடுத்தார்கள். வந்த முதல் நாளே தேடிப் பார்த்துவிட்டேன். இங்கே கேஜ் கிடையாது.

கேஜ் இல்லாத வேலை எப்படி இருக்கும் என்பதற்கு முதலில் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். செங்கல்பட்டிலிருந்து பெரிய மருத்துவர் ஒருவர் ஞாயிறுதோறும் ஆட வருவார். ஒரு மே மாதம் அவருடைய பெரிய ஸ்டிக்கை எடுத்துத் தலையைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். மயிரிழை அளவு நகர்ந்த மாதிரி இருந்தது. நகராத மாதிரியும் இருந்தது. காரின் டிக்கியிலேயே ஸ்டிக்குகளை விட்டுவைப்பவர் அவர். நம் ஊர் வெயிலில் டிக்கிக்குள் பசை இளகிவிடும். "இன்னைக்கு இது வேணாம் சார்" என்றேன். "போன வாரம் நல்லாத்தானே ஆடினேன்?" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது குழியில் ஓங்கி அடித்தார். பந்து அங்கேயே கிடந்தது, ஸ்டிக்கின் தலை மட்டும் பறந்து குளத்தில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். குளத்தில் விழுந்ததால் சிரிப்பு. போன வாரம் நன்றாக இருந்தது என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்வார்கள். அது போன வாரத்தைப் பற்றிய செய்தி.

இனி நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஜுரம், செங்கல்பட்டில் வீட்டில் படுத்திருந்தேன். சில நாள் கழித்து பஸ் விட்டபோது போய்ப் பார்த்தேன். ஸ்டிக் அறை கடலைப் பார்த்த பக்கம், தரைத்தளம். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. வாடகைக்குக் கொடுக்கும் ஸ்டிக்குகள் வைத்திருந்த அலமாரி கவிழ்ந்து, பைகள் மிதந்து போய், மைதானம் முழுக்க மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்டிக்குகள் குத்திட்டு நின்றன.

அவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்தவர்கள் கேடிகள். ஆடுபவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவர்கள். எல்லாரும் பக்கத்துக் குப்பத்து ஆட்கள். விடியுமுன் கடலுக்குப் போய் வந்து, வெயில் ஏறியதும் இங்கே பை தூக்குவார்கள். அவர்களில் ஏழுமலை என்பவர்தான் மற்றவர்களுக்குத் தலைவர் மாதிரி. நாற்பது வயது இருக்கும், என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர். ஆனாலும் எல்லாரையும் போல என்னை அக்கா என்பார். நான் ஏழுமலைண்ணே என்பேன். அவருடைய படகும் வலையும் போய்விட்டன. வீட்டில் சுவர் மட்டும் நின்றது. மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில் இருந்தார்கள். அந்த நிலையில்தான் அவரும் மற்றவர்களும் மணலைக் கிளறி ஸ்டிக்குகளை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"ஒண்ணுகூட வுடலக்கா. எல்லாம் கீது. பாரு, கண்ணாடி மாதிரி" என்றார் ஏழுமலை.

உண்மையிலேயே கண்ணாடி மாதிரி இருந்தன. இரும்புத் தண்டுக்கு மேலே பூசியிருக்கும் குரோமியம் பளபளவென்று மின்னியது. நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெளியே ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகு பல மாதம் மைதானத்துக்கு யாரும் வரவில்லை. கடல் பக்கம் என்றாலே ஜனங்களுக்கு பயம். புல் உப்பில் கருகி, திரும்ப முளைக்க வைக்க வேண்டியிருந்தது. குப்பத்தில் புதுப் படகு வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். ஏழுமலைக்கு வரவில்லை. தினமும் மைதானத்துக்கு வந்து, ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அப்போது எங்களுக்கு மேனேஜராக இருந்தவர் சந்தானம் சார். நல்ல மனிதர். எப்படியாவது மைதானத்தைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்று சென்னைக்கும் இங்கேயுமாக அலைந்து, மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு பெரிய கம்பெனியின் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கம்பெனி தன்னுடைய டீலர்களுக்கு வருஷா வருஷம் வைக்கும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மதியம் ரிசார்ட்டில் சாப்பாடு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொந்த ஸ்டிக் கிடையாது. வாடகை செட்டுகள் அத்தனையும் வேண்டும். கேடிகள் அத்தனை பேருக்கும் வேலை. குப்பத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. ஏழுமலை தலைக்கு எண்ணெய் தடவி, சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பையன், பையன் என்றால் இருபத்தைந்து வயது அதிகாரி, பழகிப் பார்க்கிறேன் என்று வந்தான். ஒரு வாடகை செட்டைக் கொடுத்தேன். ஏழுமலை கூடப் போனார். நான் அறையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் யாரோ என் பெயரைக் கத்தினார்கள்.

போய்ப் பார்த்தால், பையன் கையில் தண்டு மட்டும் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஸ்டிக்கின் இரும்புத் தலை பத்தடி தள்ளி, நிழலுக்குப் போட்டிருந்த தகரத்தைப் பொத்துக்கொண்டு செருகி நின்றது. அந்தத் தகரத்துக்கும் பையனுக்கும் நடுவில் ஏழுமலை நின்றிருந்தார். கையால் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடி பட்டுதாண்ணே?"

"காத்து அடிச்சிதுக்கா. காது ஓரமா விஷ்ஷுனு போச்சி." சிரித்தார். "மசுரு போயிருக்கும், சவரம் பண்ணிகினு வந்தேன், தப்பிச்சிது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டை வாங்கி உடைந்த இடத்தைப் பார்த்தேன். கழுத்துக்கு ஒரு விரல் மேலே முறிந்திருந்தது. வெளிப்பக்கம் குரோமியம் அப்படியே மின்னியது. உள்பக்கம் செம்மண் மாதிரி இருந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தண்டு உள்ளே குழாய். கைப்பிடியின் உச்சியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே போய், கீழே இறங்கி, கழுத்தில் தங்கி, இத்தனை மாதமாக உள்ளிருந்தே அரித்திருக்கிறது.

அறைக்கு வந்து அந்த வாடகை செட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கினேன். சிலதில் சலசல என்று சத்தம் கேட்டது. ஆனால் பழைய பசைத் துணுக்கு உதிர்ந்து உள்ளே கிடந்தாலும் அதே சத்தம்தான் வரும். சிலதில் சத்தமே இல்லை. துரு ஒட்டிக்கொண்டிருந்தால் சத்தம் வராது. வளைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குள் கண் போகாது. நம் அறையில் அதைப் பார்க்க ஒரு சாதனமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தனை ஸ்டிக்கையும் கழற்றிப் பார்க்கவும் முடியாது. மறைமலைநகரில் நான் கழித்த ஒவ்வொரு வால்வும் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே கழித்ததற்கெல்லாம் காரணம் கையில் இருந்தது.

சந்தானம் சார் வந்தார். உடைந்த தண்டைக் காட்டினேன்.

"இதே மாதிரி இன்னொண்ணு காட்டுங்க ஜரினா" என்றார்.

"காட்ட முடியாது சார். உள்ள இருக்கு."

"அப்போ மத்தது நல்லா இருக்குன்னும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம் சார்."

"சத்தம் வராததை மட்டும் கொடுங்க."

"சத்தம் வராததுல துரு இல்லைன்னு என்னால சொல்ல முடியாது."

நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியல. தெரியாத ஒண்ணுக்காக எப்படி நிறுத்துவீங்க?"

"தெரிஞ்சா கெட்டதை மட்டும் எடுத்துட்டு மத்ததைக் கொடுத்துடுவேன் சார். தெரியாததாலதான் எல்லாத்தையும் நிறுத்தறேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். இந்த ஆட்டம் கெட்டால் முதலாளி மைதானத்தை மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், சும்மா பயமுறுத்தவில்லை, நானே காதால் கேட்டேன் என்றார். சென்னையில் இருக்கும் மற்ற மைதானங்களுக்கு போன் போட்டார். இரவல் தர யாரிடமும் செட் இல்லை, அவர்களுக்கும் ஞாயிறு ஆட்டம். கடைசியாக, விளையாட வருகிறவர்களிடம் எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"அடிக்கிறவங்க கையெழுத்துப் போடுவாங்க சார். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உடைஞ்சா தலை அவங்களை விட்டு வெளியதான் பறக்கும். பக்கத்துல நிக்கிறது ஏழுமலை. அவர்கிட்ட என்னன்னு சொல்லி வாங்குவீங்க?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை வந்தார். பின்னால் கேடிகள் எல்லாரும் நின்றார்கள். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாக்கா இது? ஸ்டிக்கு தரமாட்டேன்னு சொல்லிகினு கீறியாமே?"

"உங்க தலை தப்பிச்சது பெரிசுண்ணே. நாளைக்கு எத்தனை பேர் எத்தனை ஸ்டிக்கை ஓங்கி அடிப்பாங்க, யோசிங்க."

"என் தலைதானக்கா? நான் தள்ளி நின்னுக்கறேன். இவனுங்களையும் தள்ளி நிக்க சொல்றேன். கடல்ல போறவனுக்கு ஸ்டிக்கு பறந்தா இன்னா, காத்து அடிச்சா இன்னா?"

"தள்ளின்னா எவ்ளோ தள்ளி? தலை எந்தப் பக்கம் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"யக்கா." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஸ்டிக்குங்கள மண்ணுலேர்ந்து பொறுக்கினு வந்தது நாங்கோ. வூடு போச்சி, படகு போச்சி, அத்த வுட்டுட்டு இத்த வந்து பொறுக்கினோம். ஏன்? நாளைக்கு ஆட்டம்னு ஒண்ணு வந்தா நமக்கு வேணும்னுதான். இப்போ ஆட்டம் வந்துச்சி. நீ பூட்டி வெச்சிகினா எப்டிக்கா?"

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு நிமிஷம், பாதி செட்டுகளையாவது கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எந்தப் பாதி என்று யோசித்தபோது ஒன்றும் தோன்றவில்லை.

"தர முடியாதுண்ணே" என்றேன். "புட்டர் மட்டும் தரேன். அது தரையில மெதுவா உருட்டறது, உடையாது. மத்தது முடியாது."

அவர் திரும்பி நடந்தார். பின்னால் நின்றவர்களில் ஒருத்தன் என்னைக் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னான். ஏழுமலை அவனைத் தடுக்கவில்லை. அதுவரைக்கும் என்னிடம் யார் கையை நீட்டிப் பேசினாலும் முதலில் தடுப்பவர் அவர்தான்.

அலமாரியைப் பூட்டி, சாவியை சந்தானம் சார் மேஜையில் வைத்தேன். "திறந்து கொடுக்கறதா இருந்தா நீங்க திறங்க சார். என் கையால கொடுக்க மாட்டேன்" என்றேன். அவர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே இறங்க வேண்டும் என்பதுகூட மறந்து, பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தேன். வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் செருப்புக் கடை. கடையை அடைத்துவிட்டு வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, சாப்பிடு" என்றார். சரியாகச் செய்தாய் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும் என்று இருந்தது எனக்கு. அதை அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது அலமாரி பூட்டியபடியே இருந்தது. சந்தானம் சார் கம்பெனிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். சொந்த ஸ்டிக் வைத்திருந்த சிலர் மட்டும் ஆடப் போனார்கள். மற்றவர்களுக்கு, புட்டரால் பந்தை உருட்டிக் குழியில் போடும் போட்டி என்று ஒன்றை அவசரமாக ஏற்பாடு செய்தார். பெரிய பெரிய டீலர்கள் குழந்தைகள் மாதிரி வரிசையில் நின்று பந்து உருட்டினார்கள். ஒருவர் "இதுக்கு எங்க வீட்டு மொட்டை மாடியே போதுமே" என்றார். வெயில் ஏறும் முன்பே சலித்துப்போய் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள். கேடிகளில் ஒரு சிலருக்குத்தான் பை கிடைத்தது. இளவயசுப் பையன்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஏழுமலை ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என் அறை ஜன்னலிலிருந்து அவர் முதுகு தெரியும். அன்று முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சந்தானம் சார் ரிசார்ட் பட்டறையிலிருந்து ரம்பம் வாங்கிக்கொண்டு வந்தார். "அறுத்துப் பார்த்துடலாம் ஜரினா. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். கேடிகளும் வந்து சுற்றி நின்றார்கள். ஏழுமலை தானாகவே முன்னால் வந்து தண்டைப் பிடித்துக்கொண்டார். நான் கழுத்துக்கு மேலே குறி வைத்தேன். சந்தானம் சார் அறுத்தார்.

முதல் தண்டு உள்ளே சுத்தமாக இருந்தது. லேசான மங்கல், அவ்வளவுதான். இரண்டாவதும் சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம். ஐந்தாறு அறுத்ததும் கேடிகள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். சந்தானம் சாருக்கு போன் வந்தது, ரம்பத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நானும் ஏழுமலையும் மட்டும் இருந்தோம். நான் ரம்பத்தை எடுத்தேன். எதற்காக இன்னும் அறுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கெட்டது ஒன்று வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேனா என்று ஒரு நொடி தோன்றியபோது, அருவருப்பாக இருந்தது. இன்னும் இரண்டு தண்டு சுத்தம், அதற்கடுத்ததில் ரம்பம் வெண்ணெயில் போவது மாதிரி இறங்கியது. தண்டு தானாகவே முறிந்தது. செந்தூள் கொட்டி ஏழுமலையின் உள்ளங்கையில் விழுந்தது. குலுக்கியபோது சத்தமே வராத ஸ்டிக் அது.

அவர் அந்தத் தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணுதானேக்கா?" என்றார்.

"ஒண்ணுதாண்ணே."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொன்னது சரி என்று நிரூபணமாகிவிட்ட கதையாக யாராவது இதை உங்களிடம் சொல்லக்கூடும். அப்படி இல்லை. அந்த ஒரு ஸ்டிக் அன்றைக்கு யார் பையில் போயிருக்கும், அதை ஓங்கி அடித்திருப்பார்களா, உடைந்தால் எந்தப் பக்கம் பறந்திருக்கும், எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமல் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏழுமலை வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்திருக்கலாம். நடக்காத ஒன்றுக்கு சாட்சி யாரும் கிடையாது. ஆனால் நடந்ததற்கு, அதாவது குப்பத்து ஆட்கள் வெறுங்கையோடு போனதற்கு, எல்லாரும் சாட்சி. நம் வேலையில் சரியான முடிவு எடுத்த பிறகும் நெஞ்சு லேசாகாது. லேசாக வேண்டும் என்று எதிர்பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

சில வாரம் கழித்து சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டு, "முதலாளி கேட்டாரு. ஸ்டிக்கை நிறுத்தினது நான்தான்னு சொல்லிட்டேன். உங்களுக்குக் காதுல விழுந்தா, இல்லைன்னு சொல்லிடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். "போய் வேலையைப் பாருங்க" என்றார். கடைசிவரைக்கும் நான் சொன்னது சரி என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படித் தோன்றியதா என்றும் தெரியாது. ஆனாலும் சாவியை எடுக்காமல் இருந்தவர் அவர். அடுத்த வருஷம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் ஆட்டம் வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. எங்கள் மைதானத்தை மூடவில்லை. மூடாமல் இருந்ததற்கும் யார் காரணம் என்று தெரியாது. புது வாடகை செட்டுகள் வந்தன. கல்பாக்கத்திலிருந்து விஞ்ஞானிகள், ஒரகடம் பக்கத்து ஃபாக்டரிகளிலிருந்து கொரியாக்காரர்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆள் வர ஆரம்பித்தது.

ஏழுமலை மட்டும் என்னோடு பேசவில்லை. தினமும் பார்ப்போம். பையை எடுக்க வருவார், வைப்பார், போவார். ரம்ஜானுக்கு எல்லாருக்கும் பிரியாணி கொண்டுபோனேன். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அவர் தட்டை வாங்கி, பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டார். முறைத்தாலாவது பதிலுக்கு ஏதாவது செய்யலாம். அவர் முறைக்கவும் இல்லை. நானும் ஒரு கட்டத்தில் அவரிடம் பேச முயல்வதை நிறுத்திவிட்டேன். அலுத்துவிட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, நல்ல கூட்டம். சென்னையிலிருந்து வரும் மெம்பர் ஒருவர், கொஞ்சம் குரல் பெரியவர், ஆட ஆரம்பிக்கும் இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். என்னவென்று எட்டிப் பார்த்தேன். அவருடைய சொந்த ஸ்டிக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழுமலை என் அறையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். மெம்பர் பின்னாலேயே வந்தார்.

"ஏய், அது புது ஸ்டிக்யா! போன மாசம்தான் வாங்கினேன். கொண்டா இங்க!"

ஏழுமலை நிற்கவில்லை. அறைக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கை என் மேஜையில் விளக்குக்கு நேராக வைத்து, கழுத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே மெல்லிய கோடு ஒன்று இருந்தது.

மெம்பர் வாசலில் நின்று, "இன்னும் எவ்ளோ நேரம்? ஆட்டம் ஆரம்பிச்சாச்சு!" என்றார்.

நான் பூதக் கண்ணாடியை எடுத்தேன். துணியால் துடைத்தேன். நகத்தால் வருடினேன். பிறகு தலையைப் பிடித்துத் திருகினேன், தண்டை வளைத்தேன், காதருகே வைத்துத் தட்டினேன். அவசரப்படவில்லை. அவசரப்படுத்தும்போது என் கை எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

மெம்பர் உள்ளே ஒரு அடி வைத்தார். ஏழுமலை திரும்பி, வாசலை அடைத்தாற்போல நின்றுகொண்டார்.

"அக்கா பாத்துகினு கீது சார்" என்றார். "பாத்து முடிக்கட்டும்."